பேன்டம் கோழிகளில் அடர்பழுப்பு முட்டை: தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்து வளர்க்கும் முறை

கூடையில் பேன்டம் எனப்படும் சிறிய உருவக் கோழிகளின் இருபது முட்டைகள் இருக்கின்றன. பத்தொன்பது வெளிர்பழுப்பு. ஒன்று மட்டும் தேக்குக் கட்டையைப் போல அடர்ந்த செம்பழுப்பு. கை தானாக அந்த ஒன்றை நோக்கித்தான் போகும். அதை அடைக்கு வைத்தால் பிறக்கும் பெட்டைகளும் அதே நிறத்தில் முட்டையிடும் என்று மனம் நம்பிவிடும். நான் முதல் இரண்டு ஆண்டுகள் செய்தது இதைத்தான். ஒவ்வொரு பருவத்திலும் கூடையில் கிடந்த மிக அடர்ந்த முட்டைகளைப் பொறுக்கிப் பொரிக்க வைத்தேன். இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டியின் சராசரி நிறம் தொடங்கிய இடத்திலேயே நின்றது. முட்டை எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தது.

பிறகுதான் புரிந்தது. ஒரு முட்டையின் நிறத்தில் கோழியின் மரபும் இருக்கிறது, அந்த நாளின் நிலைமையும் இருக்கிறது. நாம் பொறுக்க வேண்டியது முட்டையை இல்லை. பல முட்டைகளின் சராசரியை வைத்துக் கோழியை, கோழியைவிடவும் அது பிறந்த குடும்பத்தைப் பொறுக்க வேண்டும். முட்டையே இடாத சேவலைத் தேர்ந்தெடுப்பதற்கு வேறு வழியே கிடையாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த அடிப்படையில் அமைந்தது.

நிறம் ஓட்டில் ஏறும் விதம்

மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து வெளிப்பட்டது முதல் முட்டை இடப்படுவது வரை சுமார் 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. இதில் ஏறக்குறைய 20 மணி நேரம் முட்டை ஓட்டுச் சுரப்பியில் தங்குகிறது. அங்கே உருவாகும் ஓடு முதலில் வெள்ளைதான். பழுப்பு நிறமியின் பெயர் புரோட்டோபார்பிரின். சுரப்பியின் உட்சுவரில் உள்ள செல்கள் அதைச் சுரக்கின்றன. அதில் பெரும்பகுதி கடைசிச் சில மணி நேரத்தில்தான் ஓட்டின் வெளிப்பரப்பிலும் அதன் மேற்பூச்சிலும் படிகிறது. அதனால்தான் அடர்பழுப்பு முட்டையை உடைத்தால் உட்புறம் வெளிறியிருக்கிறது. அப்போதுதான் இட்ட ஈர முட்டையைத் தேய்த்தால் சில சமயம் நிறம் விரலில் ஒட்டிக்கொள்கிறது.

நிறம் கடைசி நேரத்தில் ஏறுகிறது என்ற இந்த ஒரு செய்தி பல குழப்பங்களைத் தீர்த்துவைக்கும். அந்த நேரத்தில் நாய் குரைத்துக் கோழி மிரண்டு, முட்டையை முன்கூட்டியே இட்டுவிட்டால் அது வெளிறிப் போகும். மிரட்சியில் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டால் நிறத்தின் மேல் கூடுதல் சுண்ணாம்புப் படலம் ஏறி, சாம்பல் பூசியதுபோல் தெரியும். இரண்டுமே கோழியின் மரபைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

தீவனத்தில் எதைச் சேர்த்தால் ஓடு அடரும் என்று பலர் தேடுகிறார்கள். மஞ்சள் கருவின் நிறம் தீவனத்திலிருந்து வருகிறது. ஓட்டின் பழுப்பு நிறமியைக் கோழி தன் உடலிலேயே உண்டாக்குகிறது. நல்ல தீவனமும் சுண்ணாம்புச் சத்தும் கோழியின் இயல்பான நிறம் கெடாமல் காக்கும். இல்லாத நிறத்தை அவை கொண்டுவராது.

மரபைப் பொறுத்தவரை, நீல முட்டைக்கும் பழுப்பு முட்டைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நீலம் ஒரே ஒரு ஓங்கு மரபணுவால் வருகிறது. ஓடு முழுவதும் ஊடுருவி உட்புறமும் நீலமாகவே இருக்கும். பழுப்பு அப்படியில்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்துதான் அதன் அடர்த்தியைத் தீர்மானிக்கின்றன, மனிதரின் உயரத்தைப் போல. அதனால் ஒரே கலப்பில் வெளிர்பழுப்பு அடர்பழுப்பாக மாறாது. அதே காரணத்தால், பொறுமையாகத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுக்கு ஆண்டு நகரவும் செய்யும்.

படி 1: தொடக்கக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

அடர்ந்த முட்டைக்குப் பெயர்பெற்ற இனங்களில் மரான்ஸ், வெல்சம்மர், பார்னவெல்டர் ஆகிய மூன்றுக்கும் பேன்டம் வடிவம் இருக்கிறது. மரான்ஸ் பிரான்சின் மேற்குக் கடற்கரைப் பகுதியில் அதே பெயர் கொண்ட ஊரிலிருந்து வந்தது. வெல்சம்மர், பார்னவெல்டர் இரண்டும் நெதர்லாந்தின் ஊர்ப் பெயர்களைத் தாங்கியவை. இந்த இனங்கள் உருவானபோது சீனாவின் லாங்ஷான் கோழியின் இரத்தம் கலந்திருக்கிறது. 1872இல் இங்கிலாந்துக்கு வந்த அந்த இனத்தின் முட்டையில் ஊதா சாயல் படிந்த பழுப்பைக் காணலாம்.

இனத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அடர்ந்த முட்டைக்குப் பெயர்பெற்ற இனம் என்று வாங்கிய பேன்டம் கோழிகள் வெளிர்பழுப்பு முட்டையிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பேன்டம் வளர்ப்பவர்களில் பலர் உருவம், இறகு, கொண்டை ஆகியவற்றைக் காட்சிக்காகத் தேர்ந்தெடுத்தவர்கள். அங்கே முட்டை நிறம் தலைமுறை தலைமுறையாகக் கவனிக்கப்படாமல் தேய்ந்திருக்கும். வாங்குமுன் அந்தப் பட்டியின் முட்டைகளை நேரில் பாருங்கள். ஒரு முட்டையைக் காட்டினால் போதாது. ஒரு வாரம் சேர்த்த மொத்த முட்டைகளையும் காட்டச் சொல்லுங்கள். பருவத்தின் கடைசியில் இட்டவையாக இருந்தால் இன்னும் நல்லது. கடைசியிலும் நிறம் தங்கியிருக்கும் பட்டியே வாங்கத் தகுந்தது.

உடைந்த ஓடு ஒன்றின் உட்புறத்தையும் பார்த்துவிடுங்கள். நீலமோ பச்சையோ தெரிந்தால் நீல மரபணு அந்தப் பட்டியில் புகுந்திருக்கிறது. நீலத்தின் மேல் பழுப்பு படிந்தால் ஆலிவ் நிறம்தான் வரும். உங்கள் இலக்கு பழுப்பு என்றால் அந்தக் கூட்டம் வேண்டாம்.

காதுமடல் சிவப்பாக இருந்தால் பழுப்பு முட்டை, வெள்ளையாக இருந்தால் வெள்ளை முட்டை என்று ஒரு பேச்சு உண்டு. பல இனங்களில் அது பொருந்திவருகிறது என்பதைத் தவிர அதில் விதி எதுவும் இல்லை. கத்தலோனியாவின் பெனெதெசென்கா கோழிக்குக் காதுமடலில் வெள்ளை உண்டு, முட்டையோ மிக அடர்ந்த பழுப்பு. காதுமடலைப் பார்த்துச் சேவலைத் தேர்ந்தெடுப்பது காலத்தை வீணாக்கும் வேலை.

எண்ணிக்கையில், குறைந்தது மூன்று சேவல்களும் பன்னிரண்டு பெட்டைகளும் இருந்தால் தொடங்கலாம். காரணத்தைப் படி 7இல் சொல்கிறேன்.

படி 2: மாறாத அளவுகோல்

"போன வருடத்தைவிட அடர்ந்திருக்கிறது" என்று நினைவை நம்பிச் சொல்லும் எந்தக் கணிப்பும் பயன்படாது. கண்ணின் நினைவு மிகவும் ஏமாற்றக்கூடியது. மரான்ஸ் வளர்ப்பவர்கள் 1 முதல் 9 வரை எண்ணிட்ட நிற அட்டையைப் பயன்படுத்துகிறார்கள். 4க்குக் கீழே போனால் அது மரான்ஸ் முட்டையாக ஏற்கப்படாது. அந்த அட்டை கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் பெயின்ட் கடைகளில் தரும் நிற மாதிரிச் சீட்டுகளில் வெளிர்பழுப்பிலிருந்து அடர்ந்த சாக்லேட் நிறம் வரை ஒன்பதைத் தேர்ந்து, வெட்டி, வரிசையாக ஒட்டி எண்ணிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு அட்டைகள் செய்து ஒன்றை இருட்டான உறையில் பத்திரப்படுத்துங்கள். பயன்படுத்தும் அட்டை மங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பழைய முட்டை ஓடுகளை அளவுகோலாக வைக்காதீர்கள். புரோட்டோபார்பிரின் வெளிச்சத்தில் சிதையும். வெயில்படும் இடத்தில் கிடந்த முட்டை சில நாட்களிலேயே வெளிறிவிடும்.

மதிப்பிடுவதற்கு என்று ஓர் இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். நேரடி வெயில் படாத பகல் வெளிச்சம் நல்லது. மஞ்சள் விளக்கின் கீழ் எல்லா முட்டையும் அடர்ந்தே தெரியும். முட்டை உலர்ந்திருக்க வேண்டும், கழுவியிருக்கக் கூடாது. புள்ளிகள் இருந்தால் அவற்றை விட்டுவிட்டு அடிநிறத்துக்கு எண் கொடுங்கள். புள்ளி உண்டு என்பதைத் தனியே குறியுங்கள். அடர்ந்த புள்ளிகள் கண்ணை மயக்கி அடிநிறத்தையும் அடர்ந்ததாகக் காட்டும். புகைப்படம் எடுப்பதானால் ஒவ்வொரு படத்திலும் முட்டைக்குப் பக்கத்தில் அட்டை இருக்கட்டும்.

படி 3: எந்த முட்டை யாருடையது

இதைச் செய்யாமல் மேலே போக முடியாது. ஒவ்வொரு கோழிக்கும் எண்ணிட்ட கால் வளையம் போடுங்கள். பிறகு மூன்று வழிகள் உண்டு. கோழி உள்ளே போனதும் கதவு தானே மூடிக்கொள்ளும் முட்டைப் பெட்டி மிகத் துல்லியமானது. ஆனால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போய்த் திறந்துவிட வேண்டும்; வெயில் காலத்தில் இன்னும் அடிக்கடி. வெளியே வேலைக்குப் போகிறவர்களால் இது முடியாது. அவர்கள் கோழிகளை முறைவைத்துத் தனிக்கூண்டில் ஒரு வாரம் வைத்து முட்டை சேர்க்கலாம். இடம் மாறிய மிரட்சியில் முதல் இரண்டு மூன்று முட்டைகளின் நிறம் கெடலாம் என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மூன்றாவது வழி, பழகிய கண். ஒரே கோழி இடும் முட்டைகளின் வடிவம், கூர்முனை, புள்ளிகளின் அமைப்பு ஆகியவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஐந்தாறு கோழிகள் உள்ள சிறு கூட்டத்தில் சில வாரங்களில் அடையாளம் தெரிந்துவிடும். இருந்தாலும் இதை மற்ற இரண்டு வழிகளில் ஒன்றால் ஒருமுறையாவது சரிபார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பியிருந்த இரண்டு பெட்டைகளின் முட்டைகளை நான் ஒரு பருவம் முழுவதும் மாற்றி எழுதியிருக்கிறேன்.

முட்டையின் மழுங்கிய முனையில் பென்சிலால் கோழி எண்ணும் தேதியும் எழுதி, எடையும் போட்டு, அன்றே நோட்டுப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள்.

படி 4: எப்போது மதிப்பிடுவது

இந்த வேலையில் அதிகமானவர்கள் வழுக்கி விழுகிற இடம் இது.

விடைக்கோழி முட்டையிடத் தொடங்கும்போது நிறம் மிக அடர்ந்திருக்கும். தொடர்ந்து இட இட வெளிறிக்கொண்டே போகும். இறகு உதிர்த்து ஓய்வெடுத்து மீண்டும் தொடங்கும்போது நிறம் திரும்பும், மறுபடியும் வெளிறும். வயது ஏற ஏற முட்டை பெரிதாவதால் நிறமி அகலமான பரப்பில் மெல்லியதாகப் பரவவும் செய்கிறது. ஆகவே நேற்றுத்தான் முட்டையிடத் தொடங்கிய விடைக்கோழியையும் ஐம்பது முட்டை இட்டு முடித்த கோழியையும் ஒரே நாளில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அநியாயம். கூடையிலிருந்து பொறுக்கும்போது நாம் அறியாமல் செய்வது அதைத்தான். கூடையில் மிக அடர்ந்த முட்டை பெரும்பாலும் அப்போதுதான் இடத் தொடங்கிய கோழியுடையதாகவோ, வாரத்துக்கு இரண்டே முட்டை இடும் சோம்பல் கோழியுடையதாகவோ இருக்கும். அதை அடைக்கு வைத்துக்கொண்டே போனால் குறைவாக முட்டையிடும் மரபைத்தான் வளர்ப்போம். என் முதல் இரண்டு ஆண்டுகளில் எண்ணிக்கை சரிந்ததன் காரணம் இதுவே.

இதற்கு மருந்து, காலண்டர் தேதியை விட்டு முட்டையின் வரிசை எண்ணால் ஒப்பிடுவது. நான் கடைப்பிடிக்கும் முறை இது: ஒவ்வொரு பெட்டைக்கும் அதன் முதல் ஐந்து முட்டைகளை விட்டுவிடுகிறேன். 6 முதல் 15 வரையுள்ள பத்து முட்டைகளின் சராசரி எண், தொடக்க நிறம். 41 முதல் 50 வரையுள்ள பத்தின் சராசரி, தங்கும் நிறம். இரண்டில் எனக்கு இரண்டாவதே முக்கியம். தொடக்கத்தில் 7 காட்டி ஐம்பதாவது முட்டையில் 3க்கு வந்துவிடும் கோழியைவிட, 6இல் தொடங்கி 5இல் நிற்கும் கோழி பலமடங்கு மதிப்புள்ளது. அடை விழும் குணம் பேன்டம் கோழிகளில் அதிகம் என்பதால் ஐம்பது முட்டைக்குள் ஒருமுறை அடை உட்கார்ந்து எழலாம். அடை எழுந்து வந்தபின் நிறம் ஓரளவு மீண்டிருக்கும். அந்த இடைவெளியை நோட்டில் குறித்துவிட்டு, இரண்டாம் சுற்றில் இட்டவற்றைத் தனியே எண்ணுங்கள்.

எடையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 42 கிராம் முட்டையின் வெளிப்பரப்பு 36 கிராம் முட்டையைவிட ஏறக்குறைய பத்து விழுக்காடு அதிகம். ஒரே அளவு நிறமியைச் சுரக்கும் இரண்டு கோழிகளில் சிறிய முட்டையிடுவதுதான் அடர்ந்ததாகத் தெரியும். எடையைக் கவனிக்காமல் நிறத்தை மட்டும் துரத்தினால் சில தலைமுறைகளில் கோலிக்குண்டு போன்ற முட்டைகளே மிஞ்சும்.

படி 5: பெட்டைகளை வடிகட்டுதல்

முதலில் விலக்க வேண்டியவற்றை விலக்குங்கள். மெலிந்தது, அடிக்கடி நோய்ப்பட்டது, ஓடு மெல்லியது அல்லது உருக்கெட்டது, உங்கள் பட்டியின் குறைந்தபட்ச முட்டை எடையைத் தொடாதது, மிகக் குறைவாக இடுவது. இவை எவ்வளவு அடர்ந்த முட்டையிட்டாலும் இனவிருத்திக்கு வேண்டாம். மிஞ்சியவற்றைத் தங்கும் நிறத்தின்படி வரிசைப்படுத்தி மேலிருந்து மூன்றில் ஒரு பங்கை எடுங்கள். மற்றவை நல்ல வீட்டுக் கோழிகள். முட்டைக்காக வளர்ப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

இரண்டு கோழிகள் ஒரே எண் பெற்றிருந்தால் அக்கா தங்கைகளைப் பாருங்கள். ஐந்து சகோதரிகளும் 5ஐச் சுற்றி இடும் குடும்பத்துப் பெட்டையை நான் எடுப்பேன். சகோதரிகள் எல்லாரும் 3இல் இருக்க ஒன்று மட்டும் 5 காட்டினால் அதில் பாதி அதிர்ஷ்டம்.

படி 6: சேவல்

குஞ்சின் மரபில் பாதி சேவலுடையது. பட்டியில் ஒரு பெட்டை ஓர் ஆண்டில் பத்துக் குஞ்சுகளுக்குத் தாயாகலாம். ஒரு சேவல் ஐம்பதுக்குத் தந்தையாகும். அப்படியிருந்தும் அதிகமானவர்கள் சேவலை அதன் வால் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். முட்டை நிறத்துக்கான மரபு அதன் உடலில் இருக்கிறது; வெளியே எந்த அடையாளமும் கிடையாது. அதை அறிய இரண்டு ஜன்னல்கள்தான் உண்டு.

முதல் ஜன்னல் சகோதரிகள். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த சகோதரியும் சேவலும் சராசரியாகப் பாதி மரபணுக்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் இளம் சேவல்களை உடனே கழிக்காதீர்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் உடல்நலமும் வடிவும் நன்றாக உள்ள இரண்டு மூன்று சேவல்களை நிறுத்தி, அவற்றின் சகோதரிகள் பதினைந்து முட்டைகளாவது இடும் வரை காத்திருங்கள். சகோதரிகளின் சராசரி மிக உயர்ந்த குடும்பத்திலிருந்து சேவலை எடுங்கள். இதற்காகவே குஞ்சு பொரித்த நாளிலேயே எந்தத் தாய், எந்தத் தந்தை என்று அடையாளமிட வேண்டும். கால்விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வில் சிறு துளையிடுவது பழைய முறை. நிற வளையமும் போடலாம். குஞ்சு வளர்வதற்கேற்ப அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; மறந்தால் கால் இறுகிப் புண்ணாகும்.

இரண்டாவது ஜன்னல் மகள்கள். இதுவே கடைசித் தீர்ப்பு. ஒரே பெட்டைக் கூட்டத்தோடு முதலில் ஒரு சேவலை விட்டு முட்டை சேர்த்துப் பொரிக்க வையுங்கள். பிறகு அதை நீக்கிவிட்டு மற்றொரு சேவலை விடுங்கள். பெட்டையின் உடலில் விந்து இரண்டு மூன்று வாரங்கள் உயிரோடு தங்கும் என்பதால், சேவல் மாறிய பிறகு மூன்று வாரங்கள் வரை கிடைக்கும் முட்டைகளைப் பொரிக்க வைக்கக் கூடாது. தாய்கள் ஒன்றே என்பதால், மகள்களுக்கு இடையே தெரியும் வேறுபாட்டில் சேவலின் பங்கு தெளிவாகும். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்து மகள்களாவது இருந்தால்தான் சராசரியை நம்பலாம். மகள்களை ஒரே கொட்டகையில், ஒரே தீவனத்தில் வளர்த்து, படி 4இல் சொன்ன வரிசை எண் முறையில் ஒப்பிடுங்கள்.

மகள்களின் ஐம்பது முட்டைகள் கைக்கு வரும்போது சேவலுக்கு இரண்டு வயது நெருங்கியிருக்கும். அதுவரை சோதனையில் உள்ள எந்தச் சேவலையும் விற்கவோ கழிக்கவோ வேண்டாம். நல்ல பேன்டம் சேவல் அதன் பிறகும் சில ஆண்டுகள் இனவிருத்திக்கு உதவும். தன் மகள்கள் மூலம் நிரூபித்துக்காட்டிய ஒரு சேவல், பட்டியில் உள்ள மிக அடர்ந்த முட்டையிடும் பெட்டையைவிட அரிய சொத்து.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. கோழிகளில் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களில் ஒன்றான இசட், பெட்டைக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது தந்தையிடமிருந்து வந்தது, மகன்களுக்கு மட்டுமே போகும். மகள்களுக்குத் தாயின் இசட் கிடைப்பதில்லை. ஆகவே மிகச் சிறந்த பெட்டையின் மரபு முழுவதையும் காப்பாற்ற விரும்பினால் அதன் மகள்களை மட்டும் வைத்துக்கொண்டு மகன்களைக் கழித்துவிடாதீர்கள். அதன் ஒரு மகனாவது அடுத்த தலைமுறையின் தந்தையாக வேண்டும்.

படி 7: ஜோடி சேர்த்தல்

மிக அடர்ந்ததை மிக அடர்ந்ததோடு சேர்க்க வேண்டும் என்பதில் சிக்கல் இல்லை. அவை நெருங்கிய உறவினராக இருப்பதில்தான் சிக்கல். ஒரு சேவலும் ஐந்து பெட்டைகளும் மட்டும் வைத்துத் தலைமுறையை ஓட்டினால் உறவுக் கலப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் சுமார் 15 விழுக்காடு ஏறும். மூன்று சேவல்களும் பன்னிரண்டு பெட்டைகளும் இருந்தால் அது சுமார் 5 விழுக்காடாகக் குறையும். உறவுக் கலப்பு ஏறினால் முதலில் அடிபடுவது குஞ்சு பொரிக்கும் விகிதமும் குஞ்சுகளின் உயிர்ப்பும். பேன்டம் கோழிகளில் பல ஏற்கெனவே சிறிய கூட்டங்களிலிருந்து வந்தவை. கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்று எண்ணிச் செலவிடுங்கள்.

எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. பட்டியை மூன்று குழுக்களாகப் பிரித்து முதல், இரண்டாம், மூன்றாம் குழு என்று பெயரிடுங்கள். மகள்கள் எப்போதும் தாயின் குழுவிலேயே இருக்கட்டும். முதல் குழுவில் தேர்வான சேவல் இரண்டாம் குழுவுக்கும், இரண்டாம் குழுவின் சேவல் மூன்றாம் குழுவுக்கும், மூன்றாம் குழுவின் சேவல் முதல் குழுவுக்கும் போகும். ஆண்டுதோறும் இதே திசையில் சுற்றுங்கள். உடன்பிறந்தவை ஜோடி சேர்வது தானாகத் தவிர்க்கப்படும். ஒரு குழு நிறத்தில் பின்தங்கினாலும் அதைக் கலைத்துவிட வேண்டாம்; முந்திய குழுவின் சேவல் சுற்றி வரும்போது அது மேலேறும்.

படி 8: பொரிக்க வைத்தல்

அடைக்கான முட்டைகளை 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் ஏழு நாட்களுக்கு மேல் வைக்காதீர்கள். காற்று சுழலும் இன்குபேட்டரில் 37.5 டிகிரி போதும். பேன்டம் குஞ்சுகள் 21 நாட்களுக்கு ஒருநாள் இரண்டுநாள் முன்பே வெளிவருவது சகஜம் என்பதால் முட்டைகளைத் திருப்புவதை 17ஆம் நாளோடு நிறுத்திவிடலாம்.

அடர்ந்த ஓட்டுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்ப்பதுதான் கடினம். ஏழாம் நாளில் வெளிர் முட்டையில் தெளிவாகத் தெரியும் இரத்த நாளங்கள் 7ஆம் எண் முட்டையில் தெரிவதே இல்லை. பத்தாம் நாள் வரை காத்திருந்து, முழு இருட்டில், பளிச்சென்ற எல்இடி விளக்கால் பாருங்கள். தெரியவில்லை என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடர்ந்தவை என்று தேர்ந்தெடுத்தவற்றையே அவசரப்பட்டுக் கழித்துவிடும் அபாயம் இருக்கிறது. காற்றறையின் அளவைக் கண்ணால் அறிய முடியாததால் எடையை நம்புங்கள். முட்டை 18ஆம் நாளுக்குள் தன் எடையில் 11 முதல் 13 விழுக்காட்டை இழக்க வேண்டும். 40 கிராம் முட்டை 9ஆம் நாளில் 37.6 கிராமுக்கு அருகிலும், 18ஆம் நாளில் 35.2க்கு அருகிலும் வர வேண்டும். இழப்பு குறைவாக இருந்தால் ஈரப்பதத்தைக் குறையுங்கள், அதிகமாக இருந்தால் கூட்டுங்கள்.

ஒவ்வொரு தாயின் முட்டைகளையும் கடைசி மூன்று நாட்கள் தனித்தனி வலைக்கூடையில் வையுங்கள். குஞ்சுகள் கலந்துவிட்டால் ஓர் ஆண்டின் பதிவு முழுவதும் போய்விடும்.

படி 9: எவ்வளவு எதிர்பார்க்கலாம்

பட்டியின் சராசரி 4 என்றும், தேர்ந்தெடுத்த பெட்டைகளின் சராசரி 6 என்றும் வைத்துக்கொள்வோம். வேறுபாடு 2. சேவலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தால் அதன் பங்கு பூஜ்யம். இரண்டு பெற்றோரின் சராசரி முன்னிலை 1 மட்டுமே. முட்டை நிறத்தில் தெரியும் வேறுபாட்டில் பத்தில் நான்கு பங்கு மரபால் வருகிறது என்று கணக்குக்கு எடுத்துக்கொண்டால் மகள்களின் சராசரி 4.4 ஆகும். 6 ஆகாது. முதல் தலைமுறையில் மகள்கள் தாயைவிட வெளிறி இருப்பதைக் கண்டு பலர் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். அது தோல்வி இல்லை. கணக்கு அப்படித்தான் ஓடும். சேவலையும் நல்ல குடும்பத்திலிருந்து எடுத்தால் இந்த நகர்வு ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். தலைமுறைக்கு ஓர் ஆண்டு என்று வைத்து நான்கு ஐந்து ஆண்டுகளுக்குத் திட்டமிடுங்கள்.

நிறம் திடீரென்று குறைந்தால்

ஒரு கோழியின் முட்டை மட்டும் வெளிறினால் அதன் மிரட்சி, அடை, வயது என்று தேடலாம். பட்டி முழுவதும் ஒரே வாரத்தில் வெளிறினால் மரபைக் குறை சொல்லாதீர்கள். கடும் வெப்பம், செந்நிறப் பேன், குடிநீர்த் தட்டுப்பாடு ஆகியவற்றை முதலில் பாருங்கள். தொற்று மூச்சுக்குழாய் அழற்சியும், 1976இல் அறியப்பட்ட முட்டை வீழ்ச்சி நோயும் ஓட்டின் நிறத்தைக் கெடுக்கும். இரண்டாவதில் நிறம் வெளிறுவதே முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். இரத்தக் கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் சேர்க்கும் நைகார்பசின் மருந்தும் பழுப்பு ஓட்டை வெளிறச் செய்யும், நிறுத்தினால் நிறம் திரும்பும். கால்நடை மருத்துவரிடம் காட்டும்போது நிறம் எந்த நாளில் மாறியது என்று நோட்டைத் திறந்து சொல்லுங்கள். அந்த வாரங்களின் எண்களைத் தேர்வுக்குப் பயன்படுத்தவே கூடாது.

பெரிய இனத்திலிருந்து நிறத்தைக் கொண்டுவருதல்

சில தலைமுறைகளுக்குப் பிறகு நகர்வு நின்றுவிட்டால், அல்லது பொரிப்பு விகிதம் சரியத் தொடங்கினால், அதே இனத்தின் பெரிய வடிவத்தைக் கலக்கலாம். பேன்டம் சேவலையும் பெரிய பெட்டையையும் சேர்ப்பதே சரி. பெரிய சேவலின் எடையும் நகமும் சின்னப் பெட்டைகளின் முதுகைக் கிழித்துவிடும். பெட்டைகளில் சிறியதாக, குட்டையான கால்களோடு, தங்கும் நிறம் மிக உயர்ந்ததாகத் தேர்ந்தெடுங்கள். முதல் கலப்பில் பிறப்பவை பொதுவாக இடைப்பட்ட உருவத்தில் இருக்கும். அவற்றில் நிறம் நிற்கும் பெட்டைகளை மட்டும் உங்கள் பட்டியில் நிரூபித்த பேன்டம் சேவலோடு சேருங்கள். அடுத்தடுத்த இரண்டு மூன்று தலைமுறைகளில் உருவம் பேன்டம் அளவுக்குத் திரும்பும்.

இந்தக் காலத்தில் உருவத்தையும் நிறத்தையும் ஒரே மூச்சில் பிடிக்க முயல வேண்டாம். முதல் இரண்டு தலைமுறைகளில் நிறத்துக்கு முன்னுரிமை, அதன் பின் உருவத்துக்கு. கலப்புக் கோழிகளை மூன்று குழுக்களுக்கு வெளியே நான்காவதாகத் தனியே வைத்திருங்கள். அவற்றின் பெட்டைகள் ஐம்பதாவது முட்டையிலும் உங்கள் பட்டியின் சராசரியைவிட உயர்ந்த எண்ணைக் காட்டிய பிறகே, அவற்றின் சகோதரச் சேவல் ஒன்றை முதல் குழுவுக்குள் விடுங்கள்.